பதினான்காவது ஷரத்து

வக்கீல் ஜீவானந்தம் சாருக்கு,

எனக்குக் கணக்கு வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ்க்கட்டளையில் ஆறு வருஷமாகக் குழந்தைகளுக்கு மனக்கணக்கு மையம் நடத்துகிறவள் என்றதும் எல்லோரும் என்னைப் பெரிய கணக்குப் புலியாக நினைத்துக்கொள்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் பேரனின் வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். இரண்டு இலக்கம் தாண்டினால் எனக்குத் தலை சுற்றும் என்று சொன்னால் அடக்கமாகப் பேசுகிறேன் என்கிறார்.

போன வாரம் உங்கள் தாம்பரம் ஆபீஸுக்கு வந்து, எங்கள் மாடி வீட்டை வினிதா பெயருக்கு எழுதிவைக்க வேண்டும் என்று சொன்னேன். என் ஆயுசு உள்ளவரை அவள் அந்த வீட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கவும் கேட்டேன். உறவில்லாத பெண்ணுக்கு எதற்கு வீடு, கொடுத்துவிட்டு எதற்குக் கட்டுப்பாடு என்று கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான். டைப் அடிக்கிற பெண் எதிரில் உட்கார்ந்திருந்ததால் பதில் சொல்லவில்லை. கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியில் சொல்லக் கூடாது என்று நீங்களே சொன்னீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்களுடையது பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகிவிட்ட பிறகு, வாடகைக்காரர்களின் குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் என் வீட்டுக்காரர் தினகரனின் விவசாயம். எங்களுக்குக் குழந்தை இல்லை. யாரும் பரிதாபப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை, நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பகல் நேரத்தில் வீடு ரொம்ப அமைதியாக இருக்கும். 2003-ல் அபாகஸ் என்கிற மணிச்சட்டம் வைத்து மனக்கணக்கு சொல்லித்தரும் ஒரு கம்பெனி, ஊர் ஊராக ஃபிரான்சைஸ் கொடுக்கிறோம் என்று பேப்பரில் விளம்பரம் போட்டது. பெரிய கூடம் ஒன்று இருந்தால் போதும், கணக்கு தெரிய வேண்டியதில்லை, டீச்சர்களுக்குக் கம்பெனியே பயிற்சி கொடுக்கும் என்றார்கள். கூடம் இருந்தது. நாலு குழந்தைகளின் சத்தம் வீட்டில் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

ஒப்பந்தம் முப்பது பக்கம். கம்பெனியின் ஏரியா மேனேஜர் அரிகிருஷ்ணன், அந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார். "மேடம், மத்ததையெல்லாம் மெதுவா படிச்சுக்கங்க. பதினாலாவது ஷரத்த மட்டும் இப்பவே படிச்சிருங்க. அதுதான் நம்ம பிசினஸோட உயிர்" என்றார்.

பதினான்காவது ஷரத்து ரகசியத்தைப் பற்றியது. கம்பெனியின் பாடமுறை, பாடங்களின் வரிசை, குழந்தைகள் பாடும் பாட்டு, பயிற்சிப் புத்தகம் எல்லாம் கம்பெனியின் ரகசியம். நானோ என் டீச்சர்களோ அதை வெளியில் சொல்லிக்கொடுக்கக் கூடாது. வேலையை விட்டுப் போன பிறகும் மூன்று வருஷம் வாய் திறக்கக் கூடாது. யாராவது மீறியது எனக்குத் தெரியவந்தால் உடனே கம்பெனிக்கு நான் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் என் மையத்தை மூடிவிடுவார்கள்.

உண்மையைச் சொன்னால், அந்த ஷரத்து எனக்குப் பிடித்திருந்தது. கூடத்தின் ஜன்னல் கண்ணாடியில் பேப்பர் ஒட்டினேன். வகுப்பு நேரத்தில் கதவைச் சாத்தினேன். பெற்றோர் எட்டிப் பார்த்தால், "மன்னிக்கணும், உள்ள வரக் கூடாது" என்பேன். பழைய புத்தகங்களை எண்ணி, கட்டி, கம்பெனிக்கே திருப்பி அனுப்பினேன். சின்ன வயதிலிருந்தே என்னிடம் ஒன்றைச் சொன்னால் அது என்னோடு நின்றுவிடும். எங்கள் தெருப் பெண்கள் எல்லாவற்றையும் என்னிடம்தான் வந்து கொட்டுவார்கள்.

வினிதா 2005 ஜூனில் வந்தாள். அவளுடைய அம்மா அங்காளம்மாவை நீங்கள் பார்த்திருக்கலாம். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையிலும் மற்ற நாட்களில் எங்கள் தெருக்களிலும் மீன் விற்கிறவள். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு மீனவர் குப்பம் அவர்களுடையது. சுனாமியில் கட்டுமரமும் வலையும் போய், தொண்டு நிறுவனத்துக்காரர்கள் கொடுத்த ஃபைபர் போட்டில் அவள் புருஷன் மாணிக்கவேல் மறுபடி தொழிலுக்குப் போக ஆரம்பித்திருந்த நேரம். அங்காளம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, "யம்மா, எம் பொண்ணு காலேஜ் முட்ச்சிட்டு வூட்ல குந்திகினு கீது. கணக்குல அது கில்லாடி. உன் கிளாஸ்ல ஒரு வேல போட்டுக் குடும்மா, புண்ணியமாப் போவும்" என்றாள்.

மறுநாள் அழைத்துவந்தாள். இருபது வயது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. கம்பெனியின் ஒப்பந்தத்தை நீட்டினேன். வந்த டீச்சர்களில் அதை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவள் அவள் ஒருத்திதான். பதினான்காவது ஷரத்து வந்ததும் நிறுத்தி, "மணிச்சட்டம் உலகத்துக்கே பொதுதான மேடம்? அத எப்படி ரகசியம்னு சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா. கையெழுத்துப் போட்டா காப்பாத்தணும்" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டாள்.

அவள் வந்த பிறகுதான் மையம் மையமாயிற்று. குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் விரல் அசைத்து, நான் பேப்பரில் போட்டாலும் வராத கணக்கை நொடியில் சொன்னார்கள். பதினெட்டுக் குழந்தைகள் அறுபதானார்கள். மத்தியானம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் மீன் குழம்பு வாசனை கூடம் முழுக்க வரும். அப்புறம் என்னோடுதான் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மேடம் என்பது மூன்று மாதத்தில் அக்கா ஆயிற்று. எனக்கும் அவளுக்கும் இருபத்தேழு வயது வித்தியாசம். வேறு மாதிரி கூப்பிட்டிருக்கலாம். நான் திருத்தவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாள். அவள் தோழி ஒருத்தி, கனகவல்லி என்று பெயர். சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அன்று காலை தெருக்குழாயடியில் எதிரே வந்திருக்கிறாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சண்டையா என்று கேட்டேன்.

"இல்லக்கா. அவங்க வூட்ட ஊர் ஒதுக்கி வெச்சிருக்கு" என்றாள். எங்களூர்ப் பஞ்சாயத்து மாதிரி பேருக்கு இருப்பதல்ல, அவர்களுடைய ஊர். எது நடந்தாலும் ஊருக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். போலீஸ் படியேறிய வீட்டை, தப்பு யார்மேல் என்று விசாரித்து முடிக்கும்வரை தள்ளி வைத்துவிடுவார்கள். கனகவல்லியின் அண்ணனைத் தேடி ஏதோ பைக் திருட்டு விஷயமாகப் போலீஸ் வந்திருக்கிறது. அவன் எடுக்கவில்லை என்று பிறகு தெரிந்துவிட்டது. அதற்குள் எட்டு மாதம்.

"யாரும் பேசக் கூடாதுக்கா. நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டாங்க. போட்டத் தள்ளக் கை குடுக்க ஒருத்தரும் வர மாட்டாங்க. அல தாண்டி போட்டு போவணும்னா நாலு பேர் தோள் குடுக்கணும்கா. அது இல்லன்னா கரையிலயே கெடக்க வேண்டியதுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் ஊர் விஷயம். வெளில சொல்லவே கூடாது. உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள்.

என்னோடு நிற்கும் என்றேன். நின்றது. இன்றுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

2007 ஜனவரியில், பொங்கல் முடிந்த சனிக்கிழமை, அவளுக்குப் பிறந்தநாள். அன்று லீவு கேட்டிருந்தாள். ஒரு பட்டுப் புடவை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் போய் நிற்கலாம் என்று குப்பத்துக்குப் போனேன். அவ்வளவு ஆசையாக நான் எங்கேயும் போனதில்லை. வினிதா வீடு எது என்று கேட்டதற்கு, கோயிலுக்குப் பக்கத்தில் நீலக் கதவு என்றார்கள். கதவு பூட்டியிருந்தது. பிள்ளைகள் சத்தம் கேட்டு, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த கூடத்துப் பக்கம் நடந்தேன்.

நாற்பது பிள்ளைகள் இருக்கும். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு மணிச்சட்டம். மீன் பெட்டிப் பலகையை அறுத்துச் சட்டம் அடித்து, கம்பியில் கிழிந்த வலையின் மிதவைகளைக் கோத்திருந்தார்கள். மேலே ஒன்று, கீழே நான்கு. வெயிலில் வெளுத்த ஆரஞ்சும் வெள்ளையுமாக. எங்கள் மையத்தில் ஐந்தோ பத்தோ ஆக ஜோடி சேரும் எண்களுக்குக் கம்பெனி வைத்த இங்கிலீஷ் பெயர்கள் உண்டு. வினிதா அங்கே, "மூணுக்கு அஞ்சில பங்காளி யாரு?" என்று கேட்டாள். "ரெண்டு" என்று நாற்பது குரல் கத்தியது. எட்டு வயதுப் பெண் ஒன்று கண்ணை மூடிக்கொண்டு மூன்று இலக்கக் கணக்குக்கு விடை சொன்னது. ஜன்னலில் பேப்பர் இல்லை, கதவும் இல்லை. தாய்மார்கள் வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

வினிதா சிரித்துக்கொண்டிருந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு. ஒன்றரை வருஷம் தினமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண், அப்படி ஒரு நாள்கூட என் வீட்டில் சிரித்ததில்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் பயந்துவிட்டாள். வேறு யாரைப் பார்த்து அவள் பயந்திருந்தாலும் நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒரு வருஷமா சொல்லித் தரேன். ஒத்தப் பைசா வாங்கல. இதுங்களுக்கு யார்க்கா கிளாஸ் வெப்பாங்க? கம்பெனில சொல்லிடாதீங்கக்கா."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். புடவையைக் கொடுத்தேன். காலில் விழுந்தாள். திரும்பி வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தாள். ஒரு வருஷம் சாயங்காலமெல்லாம் எனக்குத் தெரியாத ஒரு வாழ்க்கை அவளுக்கு இருந்திருக்கிறது. அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது.

இருந்தாலும் சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஐந்து வாரம் கம்பெனிக்குத் தெரிவிக்கவில்லை. பதினான்காவது ஷரத்துப்படி அந்த ஐந்து வாரமும் நான்தான் குற்றவாளி.

பிப்ரவரி கடைசியில் ஒரு மத்தியானம், ஜூனில் பி.எட். சேரப்போவதாகச் சொன்னாள். படித்து முடித்ததும் தொண்டு நிறுவனத்துக்காரர்கள் அந்தக் கூடத்தையே பள்ளிக்கூடமாக்கித் தருகிறார்களாம். "உங்களாலதான்கா இவ்ளோ தைரியம் வந்துச்சு" என்றாள். சந்தோஷம் என்று சொன்னேன். அவளுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் விட்டேன். மாடி வீட்டுக்கு வெள்ளையடிக்க அதற்கு முந்தின வாரமே ஆள் விட்டிருந்தேன். கிழக்குப் பார்த்த அறையில் ஒரு மேஜையும் போட்டுவைத்திருந்தேன். அவள் இங்கேயே தங்கிப் படிக்கலாமே என்று கேட்கத்தான் வாய் எடுத்தேன். "சேச்சே, ஊர விட்டுட்டு என்னால ஒரு நாள் இருக்க முடியாதுக்கா" என்று சொல்லிவிட்டாள், ரொம்ப சாதாரணமாக.

மறுநாள் அரிகிருஷ்ணனுக்கு போன் செய்தேன். ஒப்பந்தப்படி அது என் கடமை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "குப்பத்துப் பசங்கதான மேடம், அவங்க நம்ம கஸ்டமரே இல்ல. ஒரு வார்னிங் லெட்டர் போதும், அந்தப் பொண்ணு நல்ல டீச்சர் வேற" என்றார். அப்படி விட்டால் நாளைக்கு ஒவ்வொரு டீச்சரும் கிளம்பிவிடுவாள், ஷரத்து எதற்கு, கையெழுத்து எதற்கு என்று கேட்டேன். போலீஸில் ஒரு புகார் கொடுங்கள், கம்பெனி பெயரில் இருக்கட்டும், என் பெயர் வரவேண்டாம் என்றேன். புகாரை நானே எழுதிக் கொடுத்தேன். எனக்குக் கணக்குத்தான் வராது, எழுத வரும்.

இரண்டு நாள் கழித்து விசாரிக்க ஓர் ஏட்டு மையத்துக்கு வந்தார். வயதானவர், நல்ல மனிதர். காபி குடித்துவிட்டு, "ஏம்மா, சின்னப் பொண்ணு. இங்கியே வரச் சொல்லுங்க. ரெண்டு வார்த்த கேட்டு எழுதிகினு போயிடறேன். குப்பத்துக்கெல்லாம் போயி எதுக்குப் பேஜாரு?" என்றார்.

வீட்டுக்கே போய் விசாரிப்பதுதான் முறை என்றேன். சாட்சியங்கள் அங்கேதான் இருக்கின்றன என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் எல்லோரும் இருப்பார்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் கடலுக்குப் போகாமல் ஊர் கூடுகிற நாள் என்று வினிதா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். கோயிலுக்குப் பக்கத்தில் நீலக் கதவு என்று ஒரு தாளில் வழி போட்டுக் கொடுத்தேன்.

அவர் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. யூனிஃபார்மில் போனார், ஊர் கூடியிருந்த இடத்திலேயே வழி கேட்டார், நீலக் கதவுக்குள் போய் இரண்டு வார்த்தை விசாரித்தார், மூன்று மணிச்சட்டங்களைச் சாட்சியத்துக்காக எடுத்துக்கொண்டு திரும்பினார். பிள்ளைகள் அழுதுகொண்டே பின்னால் ஓடினார்களாம். அன்று சாயங்காலமே அந்த வீட்டை ஊர் தள்ளிவைத்தது.

திங்கட்கிழமை வினிதா போனில் பேசினாள். குரலே அவளுடையதாக இல்லை. "யார்க்கா சொல்லியிருப்பாங்க? கம்பெனிக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "புகார வாபஸ் வாங்கிட்டம்னு ஒரு லெட்டர் இருந்தா போதும்கா. அத ஊர் முன்னாடி வெச்சா அன்னைக்கே சேத்துக்குவாங்க. நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க." முயற்சி செய்கிறேன், அதுவரை இங்கே வந்து இரு, மாடியில் இடம் இருக்கிறது என்றேன். அப்பாவை இந்த நேரத்தில் விட்டுவிட்டு வரமுடியாது என்றாள்.

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

போலீஸ் சாட்சியமெல்லாம் எடுத்து வந்ததில் அரிகிருஷ்ணன் மிரண்டுபோயிருந்தார். தொண்டு நிறுவனம், பத்திரிகை என்று ஏதாவது வந்து கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்று மேலிடத்தில் சத்தம் போட்டார்களாம். செவ்வாய்க்கிழமை காலை அவரே மையத்துக்கு வந்தார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம், இந்தப் பெண்மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை என்று கம்பெனி லெட்டர்பேடில், சீல் வைத்து ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தார். "மேடம், நீங்களே அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துருங்க. பாவம், சாரி சொல்லிருங்க" என்றார்.

கடிதத்தைக் கைப்பையில் வைத்தேன்.

குப்பம் இங்கிருந்து முக்கால் மணி நேரம். செவ்வாய்க்கிழமை போகவில்லை. அவளாகவே வருவாள் என்று நினைத்தேன். புதன்கிழமை மாடியில் மெத்தைக்கு உறை மாற்றினேன். வியாழக்கிழமை போன் செய்து, "லெட்டர் கெடச்சுதாக்கா?" என்று கேட்டாள். கம்பெனியில் இழுத்தடிக்கிறார்கள் என்றேன். அப்போது பை என் மடியில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமையும் கேட்டாள். வந்துவிடேன் என்றேன். அழுதாளே தவிர வருகிறேன் என்று சொல்லவில்லை. இன்னும் ஒரு நாள் பொறுத்தால் வந்துவிடுவாள் என்றுதான் தோன்றியது. வந்தவுடன் கடிதத்தை எடுத்துக் கொடுத்து அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். இது சத்தியம்.

சனிக்கிழமை விடியற்காலை மாணிக்கவேல் கடலுக்குப் போனார். ஐந்து நாளாகப் போட்டு கரையில் கிடந்தது. அங்காளம்மா சந்தையில் உட்காரும் இடத்தையும் ஊர்ப் பெண்கள் விட்டுத்தரவில்லை. அவர்கள் வழக்கத்தில் பெண்கள் போட்டைத் தொடமாட்டார்கள். அன்று மனைவியும் மகளும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். நாலு பேர் போகிற போட்டில் ஒற்றை ஆளாகப் போனார்.

வழக்கமாக எந்தப் போட்டு திரும்பவில்லை என்று கரை முழுக்க எண்ணிக்கொண்டிருக்குமாம். அன்று அவருடைய போட்டை யாரும் எண்ணவில்லை. மத்தியானம் அங்காளம்மா வாசல் வாசலாக ஓடினாள். முதல் சில வீடுகளில் பதில் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு ஊர்த் தலைவரே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கட்டுப்பாடும் வேணாம் ஒண்ணும் வேணாம், எட்றா போட்ட" என்று முன்னால் இறங்கினாராம். ஊரில் இருந்த அத்தனை போட்டும் போயிற்று. கவிழ்ந்த போட்டை அன்றே கண்டுபிடித்தார்கள். அவரைத் திங்கட்கிழமைதான் கடல் திருப்பிக் கொடுத்தது.

சாவுக்குப் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, நாற்காலி போட்டார்கள். நான் அழுததில் பொய் எதுவும் இல்லை. அங்காளம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடலப் பாத்தாலே எம் பொண்ணு அலறுதும்மா. நீ இட்டுகினு போ. உன்ன வுட்டா அதுக்கு யாரு கீறா?" என்றாள். கைப்பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலையே வினிதாவை அழைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மாடியில் இருக்கிறாள். மையத்தில் வகுப்பு எடுப்பதில்லை. மணிச்சட்டத்தைத் தொடுவதே இல்லை. பி.எட். சேரவில்லை. என்னோடு சீரியல் பார்ப்பாள், கோலம் போடுவாள், என் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள். நடுவில் ஏதாவது நினைத்துக்கொண்டு, "நான்தான்கா தள்ளிவுட்டேன். இந்தக் கையாலதான்" என்பாள். உன் தப்பு இல்லை என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். யார் தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவாளே. என் மடியில் தலை வைத்துத் தூங்குவாள். தூக்கத்தில் விரல்கள் மட்டும் அசையும்.

எனக்கு நெஞ்சு வலிக்கும் அதைப் பார்க்கும்போது. எழுந்துவிடப் போகிறாள் என்று அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

இப்போது என்ன அவசரம் என்று கேட்பீர்கள். போன மாதம் அங்காளம்மாவோடு கனகவல்லி வந்தாள், நாலைந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. கூடம் பூட்டியே கிடக்கிறதாம், ஊரே கேட்கிறதாம். பிள்ளைகளில் ஒன்று வினிதாவின் கையைப் பிடித்து, "அஞ்சுல நாலுக்குப் பங்காளி யாரு மிஸ்? இவன் மறந்துட்டான் மிஸ்" என்றது. வினிதா அந்தச் சின்னக் கையைப் பார்த்தாள். பிறகு, "ஒண்ணு" என்றாள். அப்புறம் சிரித்தாள். வாய்விட்டு இல்லை, ஆனாலும் சிரிப்புதான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் என்னிடம் வந்து, "அக்கா, பொங்கல் முடிஞ்சு நான் ஊரோட போயிடட்டுமா? அம்மா தனியா கீது. பசங்களும் கூப்பிடுதுங்க" என்றாள். யோசிக்கலாம் என்றேன்.

அதனால்தான் பத்திரம். தன் பெயரில் வீடு இருந்தால் ஒரு பெண் விட்டுப் போகமாட்டாள். நிபந்தனையும் இருந்தால் போக முடியாது. வேறு வழி எனக்கு இல்லாமல் இல்லை. வேலையை விட்ட பிறகும் மூன்று வருஷம் சொல்லித்தரக் கூடாது என்று ஷரத்து இருக்கிறது. அதில் இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. அந்தக் கூடத்தைத் திறந்தால் நான் தெரிவித்தாக வேண்டும். அரிகிருஷ்ணனின் நம்பர் மாறவில்லை, விசாரித்துவிட்டேன். மறுபடி அவரைக் கூப்பிட எனக்கு மனசு இல்லை. நீங்கள் பொங்கலுக்குள் பதிவை முடித்துவிட்டால் அந்தத் தேவையே வராது.

நீங்கள் காட்டிய மாதிரிப் பத்திரத்தில், எழுதிக்கொடுப்பதற்கான காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தீர்கள். அன்பினால் என்று நிரப்பிக்கொள்ளுங்கள். இவ்வளவையும் படித்த உங்களுக்கே தெரியும், வேறு காரணம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஜெயக்கொடி தினகரன்
கீழ்க்கட்டளை, 4.1.2009